நின்ற வண்டியும் ஓடிய வண்டியும்

11,000 கிலோமீட்டர். இந்த ஒரு எண்ணை நம்பித்தான் தூரப் பயணத்துக்கான என் முதல் இத்தாலிய டூரிங் மோட்டார் சைக்கிளை வாங்கினேன். வண்டிக்கு வயது பதினைந்து. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. இரண்டு பக்கப் பெட்டிகளும் புதிதுபோலப் பளபளத்தன. பட்டனை அழுத்தியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அன்றே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் கிளட்ச் லீவர் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. கிளட்ச் ஆயில் பிஸ்டன் சீலைத் தாண்டி வெளியே வழிந்திருந்தது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் முன் ஃபோர்க்கின் சீல் கசியத் தொடங்கியது. பிறகு பெட்ரோல் பம்ப். பிறகு டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் குழாய், கையால் தொட்டதும் பிஸ்கட்போல உடைந்தது. அந்த ஒரு வருடத்தில் பாதி நாட்களுக்கு மேல் வண்டி ஸ்டாண்டில்தான் நின்றது.

இதில் வண்டியைச் செய்தவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. அவர்கள் ஓட்டுவதற்காகச் செய்த வண்டியை ஒருவர் ஒன்பது வருடம் போர்வை போர்த்தி வைத்திருந்தார். ரப்பர் காய்ந்துவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கறுத்துப்போனது. டேங்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகிவிட்டது. ஓடோமீட்டர் இதில் எதையும் காட்டாது. ஓடாத நாட்களைக் கணக்கு வைக்கும் மீட்டர் எந்த வண்டியிலும் இல்லை.

அடுத்த வண்டியைத் தேட இரண்டு வருடம் எடுத்துக்கொண்டேன். அந்தத் தேடலில் கற்றதையும், பிறகு வாங்கிய, மோட்டோ குஸ்ஸி நிறுவனத்தின் நார்ஜ் என்ற வண்டியை ஓட்டிக்கொண்டே கற்றதையும்தான் இங்கே எழுதுகிறேன். பழைய இத்தாலிய வண்டி வாங்கும் ஆசையோடு என்னிடம் கேட்பவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கொஞ்சம் ஓடி நின்ற வண்டியைவிட, நிறைய ஓடி நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட வண்டியை வாங்குங்கள்.

தேடத் தொடங்கும்போது எந்தெந்த வண்டிகள் என்ற தெளிவு வேண்டும். இத்தாலிய டூரிங் வண்டி என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டுகாட்டியின் எஸ்டி வரிசை. எஸ்டி என்றால் ஸ்போர்ட் டூரிஸ்மோ. 1997-இல் எஸ்டி2 வந்தது, 944 சிசி. அடுத்து 916 சிசி எஞ்சினோடு எஸ்டி4, அதற்குப் பிறகு 996 சிசி எஞ்சினோடு எஸ்டி4எஸ், கடைசியில் 992 சிசியில் எஸ்டி3. நான்குமே எல்-ட்வின், அதாவது இரண்டு சிலிண்டர் L வடிவில் நிற்கும் எஞ்சின்கள், தண்ணீரால் குளிர்பவை. இருவர் உட்கார்ந்து பெட்டிகளோடு நாள் முழுக்கப் போகலாம். ஆனாலும் வளைவில் சாய்க்கும்போது அது ஸ்போர்ட்ஸ் வண்டியின் ரத்தம்தான் என்பது தெரிந்துவிடும்.

ஏப்ரிலியாவின் ஃபுட்டூரா இன்னொரு நல்ல வண்டி. அதன் 998 சிசி எஞ்சின் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் செய்தது, 60 டிகிரி வி-ட்வின், இரண்டு சிலிண்டர் V வடிவில் நிற்கும். கோணங்களும் மடிப்புகளுமாக இருக்கும் அந்த உடலமைப்பு வந்த காலத்தில் பலருக்கும் பிடிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடிக்கும். விற்ற எண்ணிக்கை குறைவு என்பதால் உடல் பாகங்கள் கிடைப்பது கடினம். கீழே விழுந்த ஃபுட்டூராவை வாங்கும் முன் நிறைய யோசிக்க வேண்டும்.

அப்புறம் மோட்டோ குஸ்ஸி. கோமோ ஏரிக்கரையில் இருக்கும் மாண்டெல்லோ டெல் லாரியோவில் 1921-இல் தொடங்கியது முதல் இன்று வரை அதே ஊரில்தான் இருக்கிறார்கள். கலிஃபோர்னியா வரிசை சாவகாசமாகப் போகும் பெரிய வண்டி. நார்ஜ் 1200 காற்றைத் தடுக்கும் முழு ஃபேரிங், பெட்டி, மின்சாரத்தில் ஏறி இறங்கும் முன்பக்கக் காற்றுக் கண்ணாடி எல்லாம் உள்ள தூரப் பயண வண்டி, 1151 சிசி. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நிறுவனர் கார்லோ குஸ்ஸியின் அண்ணன் ஜுசெப்பே 1928-இல், பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த புதிய ஃபிரேமைச் சோதித்துப் பார்க்க, 500 சிசி வண்டியில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிப் போனார். பின்சக்கரம் ஆடினால் வண்டி நிலையாகப் போகாது என்று பலரும் நம்பிய காலம் அது. நார்ஜ் (நார்வே மொழியில் நார்வே) என்ற பெயர் அந்த வண்டியிலிருந்து வந்தது. என் வண்டியின் பின் சஸ்பென்ஷனைக் கழற்றிக் கிரீஸ் போடும்போதெல்லாம் அந்த மனிதர் நினைவுக்கு வருவார்.

இவற்றில் எதை வாங்குவது என்பது உங்களுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா, கற்றுக்கொள்ள ஆசை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

டுகாட்டியில் டெஸ்மோ என்ற ஏற்பாடு இருக்கிறது. மற்ற எஞ்சின்களில் வால்வைத் திறப்பது கேம் என்ற மேடுள்ள சுழல்தண்டு, மூடுவது ஸ்பிரிங். டெஸ்மோவில் மூடுவதற்கும் தனியாக ஒரு ராக்கர், அதாவது வால்வை அசைக்கும் சின்ன நெம்புகோல், உண்டு. 1950-களில் பொறியாளர் ஃபாபியோ டாலியோனி டுகாட்டிக்குக் கொண்டுவந்தது இது. அதனால் ஒவ்வொரு வால்வுக்கும் திறக்கும் இடைவெளி, மூடும் இடைவெளி என்று இரண்டு அளவு பார்க்க வேண்டும். எஸ்டி2-இல் நான்கு வால்வு, எட்டு அளவு. எஸ்டி3-இல் ஆறு வால்வு, பன்னிரண்டு அளவு. எஸ்டி4-இல் எட்டு வால்வு, பதினாறு அளவு. பொறுமையும் மைக்ரோமீட்டரும் உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். இல்லாதவர் நம்பகமான மெக்கானிக்கை முதலில் தேடிவிட்டுப் பிறகு வண்டியைத் தேட வேண்டும். எஸ்டி வரிசையில் முதல் வண்டி வாங்குபவருக்கு நான் எஸ்டி2-ஐத்தான் சொல்வேன். வேகம் கொஞ்சம் குறைவு, வேலை பாதி.

குஸ்ஸியின் எஞ்சின் இதற்கு நேர் எதிர். இரண்டு சிலிண்டரும் இடமும் வலமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வால்வு பார்க்க ஃபேரிங்கைக்கூட முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

தேடலின் முதல் வருடத்தில் நான் ஏழு வண்டிகளைப் பார்த்தேன். அவற்றில் ஒன்று எஸ்டி4எஸ். 14,000 கிலோமீட்டர். மனசு அப்படியே ஒட்டிக்கொண்டது. முதல் வண்டியில் வாங்கிய அடி இல்லையென்றால் அன்றே வாங்கியிருப்பேன்.

போனதும் எஞ்சின்மேல் கையை வைத்தேன். சூடாக இருந்தது. "நீங்க வர்றீங்கன்னு கொஞ்ச நேரம் ஓடவிட்டேன் சார்" என்றார் விற்பவர். நல்ல மனதோடு செய்தாரோ என்னவோ, வாங்க வருபவருக்கு அது இழப்பு. பழைய எஞ்சின் தன்னைப் பற்றிச் சொல்வது குளிர்ந்த நிலையில் முதல் ஒரு நிமிடத்தில்தான். ஸ்டார்ட்டர் எவ்வளவு சிரமப்படுகிறது, புகை என்ன நிறம், எந்தச் சத்தம் வந்து எப்போது அடங்குகிறது, ஐடிலில் அணையாமல் ஓடுகிறதா எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தெரியும். அதனால் இப்போதெல்லாம் போகும் முன்பே போனில் சொல்லிவிடுவேன்: நான் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

டயரைப் பார்த்தேன். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு எண் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். அந்த வண்டியின் டயர் தேயவே இல்லை, ஆனால் வயது பதினொன்று. கண்ணுக்கு அழகான அந்த டயரில் நனைந்த சாலையில் போகவே கூடாது.

டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். பெட்ரோல் வாசனை வரவில்லை. பழைய வார்னிஷ் வாசனை வந்தது.

பிறகு டைமிங் பெல்ட். டுகாட்டியில் கேமைச் சுழற்றுவது இரண்டு ரப்பர் பெல்ட்கள். பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும், நாலைந்து ஸ்க்ரூ கழற்றினால் பார்க்கலாம். பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதும், எஞ்சினைத் திறந்தாக வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெல்ட் மாற்றுவதுதான் முறை. நின்ற வண்டியில் பெல்ட் ஒரே இடத்தில் மடங்கிய நிலையிலேயே காய்ந்துவிடும், அதுதான் இன்னும் ஆபத்து. மூடியைக் கழற்றலாமா என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார். பெல்ட்டை விரலால் வளைத்துப் பார்த்தபோது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே முடிபோன்ற வெடிப்புகள். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "14,000தானே சார் ஓடியிருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்றார்.

கடைசியாகச் சிவப்புச் சாவி. சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபைலைசர் உள்ள அந்தக் காலத்து டுகாட்டிகளுக்கு இரண்டு கறுப்புச் சாவியோடு ஒரு சிவப்புச் சாவியும், எண் பதித்த ஒரு அட்டையும் கொடுத்தார்கள். புதிய சாவி சேர்க்கச் சிவப்புச் சாவி வேண்டும். அது தொலைந்தால், மிச்சம் இருக்கும் சாவியும் போகும் நாளில் வண்டியின் மின்னணு மூளை வரை கைவைக்க வேண்டியிருக்கும். அவரிடம் ஒரே ஒரு கறுப்புச் சாவிதான் இருந்தது.

வரும்போது மனசு கனத்தது. அழகான வண்டி அது. அந்த வண்டியை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பெல்ட், டயர், எல்லா ஆயில், எல்லா ரப்பர், பெட்ரோல் பாதை, சாவி எல்லாவற்றையும் விலையிலிருந்து கழித்துவிட்டு வாங்குபவர் வாங்கலாம். அந்தக் கணக்கை அவர் ஏற்கவில்லை. குறைந்த கிலோமீட்டருக்கு அவர் கூடுதல் விலை கேட்டார்.

நார்ஜ் கிடைத்தது அதற்கு எட்டு மாதம் கழித்து. 87,000 கிலோமீட்டர். விளம்பரத்தில் படம் சரியாகக்கூட இல்லை. போனில் பேசியபோது சொந்தக்காரரின் குரல் வயதானவர் குரலாக இருந்தது. முழங்கால் வலியால் அந்த எடையை இனித் தாங்க முடியவில்லை என்றார். எஞ்சினைச் சூடாக்காமல் வைத்திருங்கள் ஐயா என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே, "காலைல வாங்க தம்பி, கோல்டா இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றார். அப்போதே பாதி முடிவாகிவிட்டது.

போனதும் அவர் வண்டியைக் காட்டவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நீள அட்டை நோட்டு, ஓரங்களில் எண்ணெய்க் கறை. ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர். நடுநடுவே வேறு நிற மையில் செய்த வேலைகள். எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பின்சக்கர ஷாஃப்ட் ஆயில் ஒவ்வொன்றும் தனித்தனி வரி. வால்வு இடைவெளி பார்த்த ஒவ்வொரு முறையும் நான்கு கட்டம் போட்டு, திருத்துவதற்கு முன் என்ன அளவு, பின் என்ன அளவு என்று எழுதியிருந்தார். ஓர் இடத்தில் "இடது எக்ஸாஸ்ட் கொஞ்சம் இறுக்கம், அடுத்த தடவை கவனி" என்று இருந்தது. அடுத்த முறை கவனித்தும் இருந்தார்.

இந்த நோட்டு எனக்கு எந்தச் சர்வீஸ் முத்திரையையும்விடப் பெரிதாகத் தெரிந்தது. முத்திரை வேலை நடந்தது என்று மட்டும் சொல்லும். நோட்டில் இருந்தது ஒருவரின் பழக்கம். பெட்ரோல் வரிகளைப் புரட்டினால் வண்டி எந்த மாதம் ஓடியது, எப்போது நின்றது என்று தெரிந்தது. பதினான்கு வருடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் ஒருமுறைகூட நின்றதில்லை.

பிறகு ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தார். கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் துணியில் சுற்றி இருந்தன. தேய்ந்த பிரேக் பேட், ஒரு சக்கர பேரிங், ஆல்டர்னேட்டர் பெல்ட். நார்ஜில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் முன்பக்கம், இரண்டு சிலிண்டருக்கு நடுவே இருக்கிறது, சின்ன பெல்ட் ஓட்டுகிறது. அதை மாற்ற வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

வண்டியைக் கோல்டில் ஸ்டார்ட் செய்தேன். ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருப்பினால் வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு நீளவாக்கில் இருப்பதால் இந்த வகைக் குஸ்ஸிகள் அப்படித்தான் தலையாட்டும். முதன்முறை பார்ப்பவர் பயந்துவிடுவார். ஓடத் தொடங்கியதும் அது மறந்தே போகும்.

மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். நின்றபோது 12.7 வோல்ட், 3,000 சுற்றில் 14.2. இந்தச் சோதனையை எந்தப் பழைய இத்தாலிய வண்டியிலும் செய்யாமல் வாங்காதீர்கள். வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் அதற்குப் போகும் கனெக்டர்களும்தான் அந்தக் காலத்து வண்டிகளின் பலவீனம். சீட்டைக் கழற்றி, தடித்த வயர்கள் சேரும் பிளாஸ்டிக் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தாலோ ஒரு முனை உருகியிருந்தாலோ அங்கே சூடு ஏறிக்கொண்டிருக்கிறது. ஃபுட்டூராவில் பழுப்பு நிற கனெக்டர் ஒன்று இதற்காகவே பேர்பெற்றது. அதைப் பார்க்காமல் அந்த வண்டியை யாரும் வாங்கக் கூடாது.

குஸ்ஸி வாங்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று. என் வண்டி சிலிண்டருக்கு இரண்டு வால்வு. பின்னால் வந்த நான்கு வால்வு எஞ்சினில், 8வி என்பார்கள், ஆரம்ப ஆண்டுகளில் கேம் அழுத்தும் இடத்தில் தட்டையான டாப்பெட் இருந்தது. அதன் கடினப் பூச்சு உரிந்து கேமையும் தின்றுவிடும். பிறகு ரோலர் டாப்பெட்டாக மாற்றினார்கள், பழைய எஞ்சின்களுக்கும் மாற்றுக் கிட் வந்தது. 8வி நார்ஜோ, குஸ்ஸியின் இன்னொரு வண்டியான ஸ்டெல்வியோவோ பார்க்கப் போனால் ரோலர் மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது. பில் இருந்தால் அருமையான எஞ்சின்.

பேரம் பேசவில்லை. அவர் கேட்ட விலையைக் கொடுத்தேன். நோட்டையும் கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தார். "எடுத்துக்கோங்க. ஆனா நிறுத்திடாம எழுதுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவ்வளவு நல்ல வண்டியிலும் முதல் இரண்டு மாதம் நான் தூரப் பயணம் போகவில்லை. எல்லா ஆயிலையும் மாற்றினேன். நோட்டில் இருப்பதை நம்பாமல் இல்லை. இனிமேல் என் கணக்கு ஒரு நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காக. கியர்பாக்ஸிலும் பின் ஷாஃப்ட் பெட்டியிலும் ஆயில் வடிக்கும் போல்ட் நுனியில் காந்தம் இருக்கும். கழற்றியதும் அதைத் துடைக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசைபோல மெல்லியதாக ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் தேய்த்தால் மையாகக் கரையும். நகத்தில் படும் துணுக்குகள், ஊசிபோன்ற துகள்கள் இருந்தால் உள்ளே ஏதோ ஒரு பல்லோ பேரிங்கோ உடைகிறது என்று பொருள். என் வண்டியில் ஒரு மில்லிமீட்டர் பசை, அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் போல்ட்டைக் கழற்றும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது.

பின் சஸ்பென்ஷன் இணைப்புகளைக் கழற்றியது மிகவும் பயன் தந்த வேலை. அங்கே ஊசி பேரிங்குகள் இருக்கின்றன. தண்ணீரும் மண்ணும் நேரே அங்கேதான் அடிக்கும். கிரீஸ் இல்லையென்றால் சில வருடத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். முந்தையவரே போட்டிருந்தாலும் வயதில் கிரீஸ் சோப்புக்கட்டிபோல ஆகியிருந்தது. பழையதை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொரு ஊசியாகத் துடைத்து, புது கிரீஸை விரலால் அழுத்தி நிரப்பினேன். அடுத்த நாள் ஓட்டியபோது சாலை மாறிவிட்டதுபோல இருந்தது. புது ஷாக் அப்சார்பர் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன் அந்த எண்ணத்தை விட்டேன்.

வால்வு வேலையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ராத்திரி முழுக்க எஞ்சின் ஆற வேண்டும். காலையில் இரண்டு பக்கமும் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மேல் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் எஞ்சின் சுழலும். ப்ளக் ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ராவை விட்டு வைப்பேன். பிஸ்டன் மேலே வரும்போது ஸ்ட்ராவும் மேலே வரும். உச்சியில் வந்து, இறங்கத் தொடங்குமுன் ஒரு நொடி நிற்கும். இரண்டு ராக்கரும் தளர்வாக ஆடினால் அதுதான் சரியான இடம். ஆடவில்லையென்றால் இன்னொரு சுற்று. பிறகு இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து, வெண்ணெயில் கத்தி போவதுபோல லேசான பிடிப்போடு போகிறதா என்று பார்த்து, நட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருப்புவேன். நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். முதல் தடவை நான்கு மணி நேரம் ஆனது. இப்போது ஒன்றரை மணி நேரம். முடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யும்போது வரும் அந்தச் சின்ன டிக் டிக் சத்தம் இருக்க வேண்டும். சத்தமே இல்லாத குஸ்ஸியின் வால்வு இறுக்கமாக இருக்கிறது, அது மெல்லக் கருகும். சத்தத்தைக் குறைக்கிறேன் என்று இறுக்கிவிட்ட மெக்கானிக்கிடம் ஒரு நண்பரின் வண்டி மாட்டிக்கொண்டது, ஒரு எக்ஸாஸ்ட் வால்வே போய்விட்டது.

வழியில் நின்றது ஒரே ஒரு முறை. நீண்ட மலைப்பாதை இறங்கி, பெட்ரோல் போட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினேன். ஒரு 'டிக்', அவ்வளவுதான். விளக்கு எரிகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. இருநூற்றைம்பது கிலோவைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது நடக்காத காரியம். அரை மணி நேரம் ஆறவிட்டு அழுத்தினேன், பிடித்துக்கொண்டது.

வீட்டில் வந்து அளந்து பார்த்தேன். ஸ்டார்ட்டரை இயக்கும் மின்காந்த ஸ்விட்சான சோலினாய்டுக்கு வரும் மெல்லிய வயரில் பட்டனை அழுத்தும்போது 9 வோல்ட்தான் இருந்தது. பேட்டரியில் 12.5. நடுவே மூன்றரை வோல்ட் காணாமல் போயிருந்தது. பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் சாவி ஸ்விட்ச், பட்டன், பல கனெக்டர்கள் எல்லாம் தாண்டி வர வேண்டும். பதினைந்து வருடத்தில் ஒவ்வொரு தொடுமுனையும் கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் வோல்ட் தின்றிருந்தது. எஞ்சின் சூடாக இருக்கும்போது மிச்சம் இருப்பது போதவில்லை. சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் ஒரு ரிலே வாங்கி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே சோலினாய்டுக்குத் தடித்த வயர் போட்டேன். பழைய வயர் இப்போது ரிலேயை எழுப்பும் வேலையை மட்டும் செய்கிறது. எர்த் வயரின் இரண்டு முனையையும் உப்புத்தாளில் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கிரீஸ் தடவி மாட்டினேன். ஆன செலவு ஒரு ஸ்பார்க் ப்ளக் விலைதான் இருக்கும். அதற்குப் பிறகு அந்த 'டிக்' வரவே இல்லை. இந்தக் கோளாறோடு வருபவர்கள் பலரும் முதலில் பேட்டரி மாற்றுவார்கள், அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்றுவார்கள். தயவுசெய்து முதலில் அளந்து பாருங்கள்.

பாகங்கள் கிடைக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. என் அனுபவத்தில் ஓடத் தேவையானவை கிடைக்கின்றன. பிரெம்போ பிரேக், மாரெல்லி இன்ஜெக்ஷன், சாதாரண ரிலே, பேரிங், சீல் எல்லாம் வேறு பல வண்டிகளிலும் இருப்பவை. பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் கொண்டு போனால் பேரிங் கடையிலேயே வாங்கிவிடலாம். குஸ்ஸியும் ஏப்ரிலியாவும் 2004 முதல் பியாஜியோவின் கையில் இருப்பதால் பாக எண் வரிசையும் ஒழுங்காக இருக்கிறது. கிடைக்காதவை ஃபேரிங் துண்டுகள், மீட்டர் பெட்டி, பக்கப் பெட்டியின் பூட்டு, கண்ணாடித் தண்டு போன்றவை. அதனால் வாங்கும்போது எஞ்சினைவிடப் பிளாஸ்டிக்கை உன்னிப்பாகப் பாருங்கள். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம். இரண்டு பெட்டியும் இருக்கிறதா, இரண்டுக்கும் சாவி இருக்கிறதா, பூட்டிப் பார்த்தால் பூட்டுகிறதா? பெட்டி இல்லாத டூரிங் வண்டியை வாங்கிவிட்டு, ஒரே ஒரு பெட்டிக்காக ஒன்றரை வருடம் தேடியவரை எனக்குத் தெரியும்.

பெட்ரோல் குழாயை டேங்கோடு இணைக்கும் பிளாஸ்டிக் கிளிப் அந்தக் கால இத்தாலிய வண்டிகள் பலவற்றிலும் வயதானால் உடையும். உடைந்தால் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீய்ச்சும். டேங்கைக் கழற்றும் முதல் நாளே உலோகத்தில் செய்ததை வாங்கி மாட்டிவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

நிறுத்திவைக்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் டேங்கை நிரப்பி வைக்கிறேன், பேட்டரிக்குச் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் போடுகிறேன். சும்மா ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுவது மட்டும் கிடையாது. அது எஞ்சினுக்குள் ஈரத்தைச் சேர்க்குமே தவிர ஆயில் முழுச் சூட்டுக்கு வராது. ஓட்டினால் குறைந்தது அரை மணி நேரம் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் தொடாமல் விட வேண்டும்.

23 லிட்டர் டேங்கை நிரப்பிக்கொண்டு, விடியுமுன் கிளம்பி, ஆறாவது கியரில் எஞ்சின் அந்தத் தாளத்துக்கு வந்ததும், கண்ணாடியை ஒரு விரல் உயர்த்திவிட்டு, காற்றின் சத்தம் தலைக்கு மேலே போவதைக் கேட்டுக்கொண்டு போகும்போது, அந்த மலை இறக்கத்து அரை மணி நேரமும் மண்ணெண்ணெய் நாறிய கைகளும் எனக்குப் பாரமாகவே இல்லை. செயினுக்குப் பதில் ஷாஃப்ட் என்பதால் செயினுக்கு எண்ணெய் போடும் வேலை இல்லை. மாலையில் இறங்கி, சூடான சிலிண்டர் இரண்டும் ஆறும்போது எழுப்பும் கிணிங் கிணிங் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பெட்டியைக் கழற்றுவேன்.

நோட்டை நிறுத்தவில்லை. பெரியவர் நீல மையில் எழுதியிருந்தார், நான் கறுப்பு. போன மாதம் 1,12,000 தாண்டியது. வால்வு பார்த்தேன், நான்கு கட்டம் போட்டேன். இடது எக்ஸாஸ்ட் இப்போதும் மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் முன்னதாக இறுகுகிறது. அதை எழுதி, பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "அது அப்படித்தான் தம்பி, 40,000-லேர்ந்தே அப்படித்தான். அடுத்த தடவை எட்டாயிரத்துலயே பாத்துடுங்க."